ஆறடித் தொட்டியில் எதை வைத்திருப்பது, சாமு?

என் சாமு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவுக் கூட்டத்தை ஒட்டி சபை இதழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று போதகர் கேட்டார். உன்னைப் புகழ்ந்து எழுதச் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கோ உன்னிடம் கேட்க வேண்டியதும் ஒப்புக்கொள்ள வேண்டியதும்தான் நிறைய இருக்கிறது. நாலு வரியில் அடங்கவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் தொட்டி இன்னும் ஓடுகிறது. எங்கள் ஹாலில், தெருப்பக்கச் சுவரை ஒட்டி, நீ வைத்த அதே இடத்தில். ஆறடி நீளத்துக்குக் கடல். ஆம்பூரிலிருந்து நிஜக் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். நீ அதை வீட்டுக்குள் கொண்டுவந்தாய்.

பகலெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தில் தோல் கழுவிய தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துவிட்டு, சாயங்காலம் வந்து நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குவாய். “இன்னாடா இது, அங்க எடுக்கிற, இங்க போடுற?” என்று என் வீட்டுக்காரர், உன் மாமா, கேட்பார். “அது வேற உப்பு, மாமா” என்பாய். எனக்கு அந்தப் பதில் மேலேயே ஒரு சந்தேகம் இருந்தது.

நான் எதைத்தான் சட்டென்று நம்பினேன்? இருபத்திரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் செக்கிங். விளக்குக்கு அடியில் தோலைப் பரப்பி, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சாயம் ஏறாத திட்டு என்று தேடித் தேடி எடுப்பது என் வேலை. குறை கிடைக்காவிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கே தோன்றும். அந்தக் கண்ணை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. நீ மாடியில் தனியாக இருந்தவன். ராத்திரி சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வந்தால், சட்டைப் பொத்தானிலிருந்து முகம் வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தட்டு வைப்பேன். உனக்கு அது தெரியும்.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளே இருந்தவர்களை எண்ணினேன். நீல டாம்செல் மீன் எட்டு. கோமாளி மீன் ஒரு ஜோடி. மஞ்சள் டேங் மீன் ஒன்று. மணலில் துளை போட்டு எட்டிப் பார்க்கும் கோபி ஒன்று. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் நத்தைகள் பத்துப் பன்னிரண்டு. இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று, தொட்டிக்கென்றே நீ வைத்திருந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை நீ.

“கொடுத்துடலாம் ரூத்து. அந்த இடத்துல ஒரு சோபா போடலாம்” என்றார் உன் மாமா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. தயாளன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து தண்ணீர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

தயா உன் ஐடிஐ தோஸ்த் என்பது வரைதான் எனக்குத் தெரியும். வேலூரில் சின்னதாக மீன் கடை வைத்திருப்பவன், ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் வாராவாரம் பஸ் ஏறி ஆம்பூர் வருகிறான் என்றால் எனக்கு உறுத்தாதா? ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் நிற்பான். டீ கொடுத்தால் பாதி குடிப்பான். தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டு, பின்னால் இருக்கும் கற்களுக்கு நடுவே எதையோ துழாவிக்கொண்டே இருப்பான். “இன்னா தயா, அங்க இன்னா?” என்றால், “ஒண்ணும் இல்லக்கா, அழுக்கு” என்பான். உடனே கையை எடுத்துவிடுவான்.

இரண்டாவது மாதம் டாம்செல் ஏழாயிற்று. பிறகு ஆறு. செத்த மீன் மிதக்க வேண்டும், அல்லது அடியில் கிடக்க வேண்டும். எங்குமே இல்லை. நத்தை ஓடுகள் மட்டும் மணலில் உடைந்து கிடந்தன. சுத்தியால் தட்டியதுபோல ஓரம் ஓரமாகத் தெறித்த ஓடுகள். ஒன்றை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தேன். தானாக உடைந்ததாகத் தெரியவில்லை.

முதல் விசாரணை உன் மாமாவுக்கு. “நீங்க தொட்டியில கைய விட்டீங்களா?”

“நான் எதுக்கு விடப்போறேன்?”

“சோபா வேணும்னு சொன்னீங்களே.”

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். “இன்னாடி, மீனைக் காணோம்னா என் வயித்துல தேடுவியா? பேஜார் பண்ணாத.” அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. நான் விடவில்லை. மூன்று நாள் அவர் சட்டைக் கையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்தது தயா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணும்போதுதான் ஒன்று குறைந்தது. ஞாயிறு அவன் வருகிறான், திங்கள் மீன் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் திங்கட்கிழமை மட்டும்தான் கவனமாக எண்ணினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு அடுப்படியிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். சுற்றிலும் பார்த்தான். ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அந்த வாரம் கோமாளி ஜோடியில் சின்னதைக் காணவில்லை.

சனிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு, சொல்லாமல் வேலூருக்குப் பஸ் ஏறினேன். நம் சின்னக் கோமாளிக்கு நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டை இடது பக்கம் பாதியில் அறுந்திருக்கும். ஆயிரம் மீனுக்கு நடுவில் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

“அக்கா! போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே” என்று எழுந்தான் தயா. கடையில் ஒரு அம்மா தங்கமீன் வாங்கிக்கொண்டிருந்தார்.

“சும்மாதான் வந்தேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் வெளிச்சத்தை அடித்து, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தேன்.

“இன்னாக்கா தேடுறீங்க?”

“எங்க வீட்டுக் கோமாளியக் காணோம்.”

“காணோம்னா?”

“காணோம்னா காணோம். செத்தா மிதக்கணும் இல்ல? மிதக்கல. பாட்டில்ல ஒருத்தர் எடுத்துட்டுப் போனத மட்டும் பார்த்தேன்.”

தங்கமீன் வாங்க வந்த அம்மா திரும்பிப் பார்த்தார். தயாவின் முகம் சுருங்கிவிட்டது. சுவரோரம் போய்க் கடையின் எல்லா விளக்குகளையும் போட்டான். “நல்லா பாருங்கக்கா. எல்லாத்தையும் பாருங்க.”

பார்த்தேன் சாமு. கூசாமல் கடைசித் தொட்டி வரைக்கும் பார்த்தேன். நான்கு கோமாளிகள் இருந்தன. எதற்கும் பட்டை அறுந்திருக்கவில்லை. அப்போதாவது என் மனம் ஆறியிருக்க வேண்டும். விற்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் ஒரு வரி. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தொட்டியை நானே பார்த்துக்கொள்வேன் என்று இறங்கினேன். தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீரை ஊற்றினேன். மஞ்சள் டேங் மூலையில் ஒதுங்கி மேலும் கீழும் மூச்சு வாங்கியது. பயந்துபோய் உன் நோட்டைப் புரட்டினால், மூன்றாம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாய்: ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும், குறைந்ததற்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று. அதைப் படித்த பிறகுதான் டேங் பிழைத்தது. திருடன் என்று நான் முடிவுகட்டியவன் வந்துபோன வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரு காலையில் தீனி போடுவதற்காக மோட்டாரை நிறுத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. டக் என்று ஒரு சத்தம். யாரோ கண்ணாடியை நகத்தால் சுண்டியதுபோல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டக். தொட்டியின் பக்கவாட்டில் போய், சுவரோரச் சந்து வழியாகக் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். அடியில் கிடந்த ஊதா நிறக் கல்லில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை வாசலில் உடைந்த ஓடுகள் குப்பையாகக் கிடந்தன. உள்ளிருந்து இரண்டு கண்கள் குச்சியில் செருகியதுபோல நீண்டு வந்தன. ஒன்று என்னைப் பார்த்தது. இன்னொன்று தனியாகத் திரும்பி வேறெங்கோ பார்த்தது. கும்பிடுபூச்சி போலக் கைகளை மார்பில் மடித்து வைத்திருந்தது. என்னை அப்படிச் சந்தேகமாகப் பார்த்த உயிரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

படம் எடுத்துத் தயாவுக்கு அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வாசலில் நின்றான். துளையைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். ஆச்சரியமே படவில்லை.

அங்கேதான் என் கண் நின்றது. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையை ஆட்டினான். “மான்டிஸ் இறால்க்கா. கை இருக்கு பாருங்க, அதால ஒரு குத்து விட்டா ஓடு தெறிச்சிடும். சின்ன மீனும் தாங்காது. அந்தக் கல்லோட வந்தது.”

“கல்லு உன் கடையில வாங்கினதுதானே?”

“மத்ததெல்லாம் என்கிட்ட வாங்கினதுதான். எல்லாம் செயற்கைக் கல்லு. இது மட்டும் சாமு ராமேஸ்வரம் போனப்ப கொண்டாந்தான். பவளக் கல்லு. எடுக்கவே கூடாது, சட்டப்படி தப்பு. நான் அப்பவே திட்டினேன். சத்தம் கேட்டதும் எடுத்துடுன்னு சொன்னேன். கேக்கல. ‘அக்காவுக்குத் தெரிய வேணாம்டா, தெரிஞ்சா மொத்தத் தொட்டியையும் ரிஜெக்ட் பண்ணிடும்’னு சொன்னான். அவன் போனப்புறம், உங்களுக்குத் தெரியாமலே பிடிச்சிடலாம்னு வாரா வாரம் பாட்டில்ல இரை வெச்சேன். ஒருவாட்டிகூட மாட்டல.”

கடையில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நின்றவன் இவன்தான். அப்போதும் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எல்லாக் கல்லும் கடையில் வாங்கினதுக்கா என்று நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே சாமு. அந்தப் பொய்யை நான் எப்படித் தவறவிட்டேன்? உன் முகத்தில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லையே. அப்படியானால் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னவெல்லாம் இருந்தது?

அதைத்தான் தயாவிடம் கேட்டேன். “வேற இன்னா மறைச்சீங்க ரெண்டு பேரும்?”

சும்மா கேட்ட கேள்விதான். அவன் தரையைப் பார்த்தான். பாதி டீயைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். நீ போவதற்குப் பத்து நாள் முன்னால் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. போனில் அவனிடம் சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று அவன் கூப்பிட்டிருக்கிறான். கேஸ் டிரபுள்தான், போய்டும், அக்காகிட்ட சொல்லிடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய்.

“வேலூர்லயே இருக்கேன் நான். கடையிலேர்ந்து பெரிய ஆஸ்பத்திரி ஆட்டோவுல கால் மணி நேரம். இழுத்துட்டுப் போயிருக்கணும் அக்கா. போகல.” அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. “நீ போ தயா” என்று மட்டும் சொன்னேன். போய்விட்டான்.

இரண்டு நாள் அவன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தம்பி இருந்திருப்பான் என்று உன் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டார். “அந்த வாரம்தானே அவன் உப்பு மூட்டையோட படியில உட்கார்ந்தான்?”

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டையைத் தோளில் வைத்து வாசல்படி ஏறினாய். மூன்றாம் படியில் இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். சட்டை முழுக்க வேர்வை. இடது கையை நீவி விட்டுக்கொண்டிருந்தாய். நான் கதவிலிருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். கிட்டே வந்து என்ன செய்தேன்? குனிந்து உன் வாயை முகர்ந்து பார்த்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிறாயோ என்று.

நீ சிரித்தாய். “இல்லக்கா” என்றாய். நான் நம்பவில்லை. இன்னொரு முறை முகர்ந்தேன்.

உனக்கு வலித்துக்கொண்டிருந்தது. நான் குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். தயாவிடம் நீ வார்த்தையில் சொன்னாய். என்னிடம் உடம்பு முழுக்கக் காட்டினாய். தயா கேட்டும் பேசாமல் இருந்தான். நான் பார்த்தும் தப்பாகப் பார்த்தேன். இதில் யாரை யார் மன்னிப்பது? அன்று நான் சும்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னாடா பண்ணுது?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? இல்லை, கேஸ் என்றுதான் சொல்லியிருப்பாயா? தெரியாமலேயே போகட்டும் என்றால் முடியவில்லை. தினம் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே வேலூர் பஸ் பிடித்தேன். தயா கடையில் தனியாக இருந்தான். படியில் நடந்ததைச் சொன்னேன். கடையில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். “உட்காருங்கக்கா. முதல்ல அந்த இறாலை இன்னா பண்ணலாம்னு பார்ப்போம்” என்றான். அதற்கு மேல் இருவராலும் அன்று பேச முடிந்திருக்காது.

அன்று சாயங்காலமே தயா என்னோடு ஆம்பூர் வந்தான். கடலிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன். “கூடாதுக்கா. தொட்டி நோய் எதாவது ஒட்டிக்கிட்டுப் போனா, அங்க இருக்கிறதுங்களுக்கு ஆபத்து.” கொன்றுவிடலாமா என்று கேட்டபோது, பேரணாம்பட்டில் கையுறைக் கம்பெனியில் வேலை பார்க்கும் உன் மாமாதான் குறுக்கே வந்தார். “அது இன்னா தப்பு பண்ணுச்சு? பசிச்சுது, சாப்பிட்டுச்சு. யார்மேலயும் பழி போடலையே.” என்னைக் குத்தத்தான் சொன்னார். வாங்கிக்கொண்டேன். மறுநாள் கம்பெனியிலிருந்து தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்தார். அதைப் போட்டுக்கொண்டு தயா கல்லோடு அதைத் தூக்கி வாளியில் வைத்தான். கையுறையில் அது விட்ட குத்து எனக்கே கேட்டது. இப்போது மாடியில், உன் அறையில், தனியாக ஒரு இரண்டடித் தொட்டியில் இருக்கிறது. நத்தையும் நண்டும் சாப்பிடுகிறது. கல்லும் அங்கேதான்.

பெரிய தொட்டியில் மிச்சம் மூன்று டாம்செல், ஒற்றைக் கோமாளி, மஞ்சள் டேங். கோபி போய்விட்டது. யாரையெல்லாம் சேர்ப்பது என்று உன் நோட்டின் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அழகான பெயர்களாக எழுதியிருக்கிறாய். நான் ஒவ்வொன்றையும் மேசை விளக்குக்கு அடியில் வைத்தேன்.

“சிங்கமீன்?”

“வாயில நுழையிற எதையும் முழுங்கிடும்க்கா.”

“அப்ப டாம்செல்லு?”

“நுழையும்.”

ரிஜெக்ட். பட்டாம்பூச்சி மீன்? பவளத்தைத் தவிர எதையும் தின்னாமல் பட்டினி கிடந்தே சாகும் வகையும் அதில் உண்டாம். ரிஜெக்ட். டிரிகர் கடிக்கும். பஃபர் நத்தையை விடாது. இது எவ்வளவு பெரிதாகும், யாரை விரட்டும், எங்கே பிடித்தது, எத்தனை நாளாகக் கடையில் இருக்கிறது, தீனி எடுக்கிறதை என் கண்ணால் பார்க்க முடியுமா? தயா கையெடுத்துக் கும்பிட்டான். “நீங்க கேக்கிற கேள்விக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்களே எழுந்து ஓடிடுவாங்கக்கா.” ரொம்ப நாளுக்குப் பிறகு நாங்கள் மூவரும் சிரித்தோம்.

கடைசியில் சேர்த்தது இரண்டே உயிர். ஒரு கோபி. பிறகு, நம் கோமாளிக்குத் துணையாக, அதைவிடச் சின்னதாக ஒரு கோமாளி. முதல் வாரம் பெரியது அதை விரட்டிக்கொண்டே இருந்தது. நான் நம்பிக்கை வைக்கவில்லை. இப்போது ஒரே மூலையில் தூங்குகின்றன. ஆறடித் தொட்டிக்கு இது ஜாஸ்தி காலி என்று தயாவுக்குக் குறை. இருக்கட்டும். கொஞ்சமாக இருந்தால் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள், போன வாரம் தயா உப்பு மூட்டையை இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றான். நான் பக்கத்தில் போனேன்.

“இன்னா பண்ணுது?”

“ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்ளோதான்.”

“எத்தனை நாளா?”

“அக்கா, நிஜமாவே ஒண்ணும் இல்ல.”

“அதைத்தான் நான் நம்பமாட்டேன். செருப்பைப் போடு.”

அன்றே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் உட்கார வைத்தேன். மார்பில் ஒயர் ஒட்டி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஓட வைத்துப் பார்த்தார்கள். டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகளில் தயா வெட்கப்பட்டு வெளியே போய்விட்டான். அடைப்பு எதுவும் இல்லையாம். கொழுப்பு மட்டும் கூடுதல், மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை உன் மாமாவின் முறை. அவருக்கு இன்னும் தெரியாது. இந்த இதழைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

சாமு, என் புத்தி மாறிவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் அதையும் நீ நம்ப மாட்டாய். ஒன்று மட்டும் தருகிறேன். என் வீட்டில் யாராவது களைத்து உட்கார்ந்தால், இனி முதலில் பக்கத்தில் உட்காருவேன். பிறகுதான் கேள்வி. “ஒண்ணும் இல்ல” என்று யார் சொன்னாலும், கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு முறை கேட்பேன்.

உன்னிடம் கேட்காமல் விட்ட,
உன் ஒரே அக்கா,
ரூத்